சுரங்கம் எல்லை தாண்டுச்சா? ஓடிக்கொண்டே அளக்கும் 'மொபைல் மேப்பிங்'.. உங்க நிலத்துக்கு என்ன பயன்? முழு விவரம்

அரியலூர் மாவட்டம் ரெட்டிபாளையம், சிமெண்ட் ஆலைக்கும் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களுக்கும் பெயர் பெற்ற ஊர். இதுபோன்ற ஊர்களில் சுரங்கத்தை ஒட்டி நிலம் வைத்திருப்பவர்களுக்கு எழும் முதல் கேள்வி, குத்தகை எல்லைக்குள்தான் தோண்டுறாங்களா என்பதுதான். சங்கிலி பிடித்து அளந்த வேலையை இப்போது வாகனமும் ட்ரோனும் செய்கின்றன.

மொபைல் மேப்பிங்னா என்ன?

இது செல்போன் செயலி இல்லை. நகர்ந்துகொண்டே அளப்பதுதான் மொபைல் மேப்பிங். வாகனத்தின் கூரையில் லிடார் எனப்படும் லேசர் கருவி, கேமரா, ஜிபிஎஸ், வண்டியின் குலுக்கலையும் சாய்வையும் கணக்கிடும் சென்சார் ஆகியவை இருக்கும். வண்டி ஓட ஓட, நொடிக்கு லட்சக்கணக்கான புள்ளிகள் பதிவாகும். சாலைப் பள்ளம், மின்கம்பம், பாலம் எல்லாமே முப்பரிமாண வரைபடமாகிவிடும்.

யார் அளக்கலாம்?

2021 பிப்ரவரியில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல்படி, இந்திய நிறுவனங்கள் மட்டுமே தரைவழி மொபைல் மேப்பிங் செய்யலாம். 2022 ஜூலையில் சென்னை உட்பட 10 நகரங்களில் கூகுள் ஸ்ட்ரீட் வியூ வந்தபோதும், ஜெனிசிஸ், டெக் மஹிந்திரா ஆகிய இந்திய நிறுவனங்களே படங்களை எடுத்துக் கொடுத்தன.

சுரங்கத்துக்கு ஏன் ட்ரோன்?

ஆழமான குழியின் எல்லாப் பக்கத்தையும் வண்டியில் இருந்து பார்க்க முடியாது. 2021 நவம்பரில் திருத்தப்பட்ட விதிப்படி, சுண்ணாம்புக்கல் போன்ற பெருங்கனிமச் சுரங்கங்களில், ஆண்டுக்கு 10 லட்சம் டன் அல்லது அதற்கு மேல் தோண்டத் திட்டமிட்டவையும், 50 ஹெக்டேர் அல்லது அதற்கு மேல் பரப்பு உள்ளவையும் ஒவ்வொரு ஆண்டும் ட்ரோன் படங்களை இந்திய சுரங்கப் பணியகத்திடம் தரணும். குத்தகை எல்லைக்கு வெளியே 100 மீட்டர் வரை படத்தில் இருக்கணும். இரண்டு ஆண்டுப் படங்களை ஒப்பிட்டால், குழி எந்தப் பக்கம், எவ்வளவு நகர்ந்தது என்பது தெரிந்துவிடும்.

பட்டா பிரச்சினை தீருமா?

தீராது. லேசருக்கு வரப்பும் வேலியும் தெரியும். அது யாருடைய நிலம் என்பது தெரியாது. அதற்கு பட்டா, புல வரைபடம், எல்லைக்கல் மூன்றும் பொருந்தணும்.

நீங்க என்ன செய்யணும்?

• வருவாய்த் துறை இணையதளத்தில் பட்டாவையும் புல வரைபடத்தையும் எடுத்து வையுங்க.

• எல்லைக்கற்கள் அதே இடத்தில் இருக்கான்னு பாருங்க.

• சந்தேகம் இருந்தால், எல்லையை அளந்து 'அத்து காட்ட' விண்ணப்பித்து, சர்வேயரை அளக்க வையுங்க.

அந்த அளவு கையில் இருந்தால்தான், ட்ரோன் படத்தில் தெரியும் குழி உங்க நிலத்தில் இருக்கா, வெளியே இருக்கான்னு உறுதியாகச் சொல்ல முடியும்.