கவுண்ட்இஃப் முகவரி தொலைச்ச கதை

பொட்டி தட்டுற மக்களுக்குப் பழக்கமான ஆணிதான் இது. வருஷக்கணக்கா ஓடுற எக்செல் கோப்பைக் கையில கொடுத்து, "அப்படியே பவர் பிஐக்கு மாத்திடுங்க"ன்னு மேலாளர் சொல்லுவார். சாதாரணக் கூட்டல், சராசரி எல்லாம் சமர்த்தா வந்துரும். கவுண்ட்இஃப் மட்டும் சண்டித்தனம் பண்ணும். ஏன்னு பார்க்கணும்னா 1970க்குப் போகணும்.

அந்த வருஷம்தான் ஐபிஎம்மில் இருந்த எட்கர் காட், தரவுகளை அட்டவணைகளா வைக்கிறதைப் பத்தின தன் கட்டுரையை வெளியிட்டார். அவர் கணக்குப்படி எந்த வரி மேலே, எந்த வரி கீழேங்கிறதுக்கு அர்த்தமே கிடையாது. 1979ல் டான் பிரிக்ளினும் பாப் ஃபிராங்க்ஸ்டனும் ஆப்பிள் 2 கணினிக்குக் கொண்டுவந்த விசிகால்க் இதுக்கு நேர் எதிர். 63 பத்தி, 254 வரி, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஏ1, பி7ன்னு கதவு எண். கணக்கு எழுதுறவங்களுக்கு இதுதான் பிடிச்சுது. 1985ல் வந்த எக்செலும் இந்தத் தெருவில்தான் குடியேறுச்சு.

ரெண்டு நிபந்தனை வச்சு எண்ண கவுண்ட்இஃப்ஸ் வந்ததே எக்செல் 2007ல்தான். அதுவரைக்கும் சம்ப்ராடக்ட்டை வளைச்சு நெளிச்சு ஓட்டினோம். 65,536 வரிங்கிற எல்லை 10,48,576 ஆனதும் அப்பதான். ஆனா பழைய கோப்பு வடிவம் சாகலை. 2020ல் இங்கிலாந்துப் பொது சுகாதாரத் துறை அதைப் பயன்படுத்தப் போய் 15,841 கொரோனா தொற்றுகள் கணக்கிலிருந்து விட்டுப்போச்சு. அவங்களோட பழகினவங்களைத் தேடுற வேலையும் நாள்கணக்கில தள்ளிப்போச்சு.

2010ல் பவர்பிவட்டோட டாக்ஸ் மொழி வந்துது, 2015ல் பவர் பிஐ. பேரெல்லாம் எக்செல் ஜாடை, உள்ளே ஓடுறது காட் வம்சத்து ரத்தம். ஏ2ங்கிற முகவரியே கிடையாது. ஒரு வாடிக்கையாளர் பேர் மொத்தம் எத்தனை தடவை வருதுன்னு ஒவ்வொரு வரியிலும் காட்டணுமா? கவுண்ட்ரோஸைக் கால்குலேட்டுக்குள்ள வச்சு, ஆல்எக்செப்ட் போட்டு, பேரைத் தவிர மத்த வடிகட்டிகளைக் கழட்டணும்.

இதுகூடப் பரவாயில்லை. டாலர் குறியால ஒரு முனையைப் பூட்டி, மறுமுனையை நழுவவிட்டு, "இது எத்தனாவது தடவை"ன்னு எண்ணுவோமே, அங்கதான் சிக்கல். "இதுக்கு மேலே இருக்கிற வரிகள்"னு டாக்ஸ்கிட்ட சொன்னா முழிக்கும். எண்ணோ தேதியோ உள்ள ஒரு பத்தி வேணும். அதே பேர், இந்த வரியோட எண்ணும் அதுக்குக் குறைஞ்சதும்னு வடிகட்டணும். 2015ல் வேரியபிள் வர்றதுக்கு முன்னாடி இதுக்கு எர்லியர்னு ஒரு ஃபங்ஷன். பேரைப் பார்த்துக் கால சமாச்சாரம்னு நினைச்சு ஏமாந்தவங்க ஏராளம் :-) வெளிச்சுற்றில் இருக்கிற வரியைத்தான் அது குறிக்கும்.

மாத்தி முடிச்சதும் எண்ணிக்கை இடிச்சா, புதுசைத்தான் எல்லாரும் திட்டுவாங்க. 16 இலக்க அட்டை எண்களை எழுத்தா வச்சிருந்தாலும் கவுண்ட்இஃப் அதை எண்ணா மாத்தித்தான் பார்க்கும், அதுவும் முதல் 15 இலக்கம் வரைக்கும்தான். கடைசி இலக்கம் மட்டும் வேறயா இருக்கிற ரெண்டு அட்டை அதுக்கு ஒண்ணுதான். டாக்ஸ்ல எழுத்துப் பத்தியா இருந்தா ரெண்டும் தனித்தனி. பழைய ரிப்போர்ட்டில் 2, புதுசில் 1. மேலாளர்கிட்ட பழசுதான் தப்புன்னு சொல்லிப் பாருங்க!