எஞ்சின் விளக்கு எரிந்தால் காரை ஓட்டலாமா?

டேஷ்போர்டில் மஞ்சள் எஞ்சின் விளக்கு எரிந்தும், "வண்டி நன்றாகத்தானே ஓடுகிறது" என்று மாதக்கணக்கில் ஓட்டுபவர்களை நாம் பார்க்கிறோம். விளக்கு நிலையாக எரிந்து, ஓட்டத்தில் மாற்றம் இல்லையென்றால் பதற வேண்டாம். பெட்ரோல் டேங்க் மூடி சரியாக இறுகாததுகூடக் காரணமாகலாம். சில நாட்களுக்குள் மெக்கானிக்கிடம் காட்டினால் போதும்.

விளக்கு விட்டுவிட்டு மின்னினால் விஷயமே வேறு. எஞ்சினில் எரியாத பெட்ரோல், புகை போகும் பாதையிலுள்ள கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதையே உருக்கிவிடும். ஸ்பார்க் பிளக் மாற்றுவதோடு முடிய வேண்டிய செலவு பல ஆயிரங்களாகிவிடும். வேகத்தைக் குறைத்து, ஓரமாக நிறுத்திவிடுவதே நல்லது.

பேட்டரி வயரைக் கழற்றி மாட்டினால் விளக்கு அணையலாம், பழுது போகாது. பழைய கார் வாங்குவோர், சாவியைத் திருப்பியதும் இந்த விளக்கு ஒருமுறை எரிகிறதா என்று பாருங்கள். எரியவே இல்லையென்றால் பல்பையே கழற்றியிருக்கலாம்.