மொழியறியார் புகுந்த ஓவியச்சாலை

ஓவியத்துக்கு மொழி வேண்டா என்பர். மலையும் கடலும் மழையும் எந்நாட்டார் வரைந்தாலும் எந்நாட்டார்க்கும் விளங்குமாதலின், இக்கூற்று முற்றும் பொய்யன்று. எனினும் முற்றும் மெய்யுமன்று. ஓர் ஓவியத்தின் எழில் கண்ணுக்குப் புலனாகும். அதனை வரைந்தவன் பெயர் யாது, அவன் அதற்கு இட்ட தலைப்பு யாது, அதனைப் பிறர் எடுத்தாள அவன் இசைந்தானா என்பன எழுத்தினாலன்றிப் புலனாகா. யப்பானிய மொழியறியாத மேனாட்டார் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்நாட்டு அச்சோவியங்களிடையே புகுந்து வழிகண்ட வரலாறு இவ்வுண்மைக்குச் சிறந்த சான்றாகும். இன்று யப்பானிய ஓவியர் தம் படைப்புக்களை வெளியிடும் இணையத் தளங்களுள் நம் மாணவரும் மொழியறியாமலே புகுகின்றனராதலின், அவ்வரலாறு நமக்குப் புறம்பானதன்று.

பதினேழாம் நூற்றாண்டில் யப்பான் தன் வாயிலை அடைத்துக்கொண்டது. 1639 இல் போர்த்துக்கேயர் விலக்கப்பட்டனர். 1641 தொடக்கம் ஐரோப்பியருள் ஒல்லாந்தர் மட்டுமே, அதுவும் நாகசாக்கித் துறையிலுள்ள தெசிமா என்னும் சிறு தீவில் ஒடுங்கியிருந்து, வணிகஞ் செய்தனர். 1853 இல் அமெரிக்கக் கடற்படைத் தலைவர் பெரி கப்பல்களுடன் வந்தார். 1854 இல் முதல் உடன்படிக்கை எழுந்தது. 1859 முதல் துறைமுகங்கள் பிறநாட்டு வணிகர்க்குத் திறக்கப்பட்டன. பட்டும் பீங்கானும் சென்ற கப்பல்களில் அச்சோவியங்களும் சென்றன. 1867 இல் பாரிசு நகரில் நடைபெற்ற உலகக் கண்காட்சியில் யப்பானியப் பொருள்கள் இடம்பெற்றபின் அவற்றின்மேல் எழுந்த வேட்கை பெருகிற்று. 1872 இல் பிலிப் பூர்ட்டி என்னும் பிரெஞ்சுக் கலைத்திறனாய்வாளர் அவ்வேட்கைக்கு ‘யப்போனிசும்’ என்று பெயரே இட்டுவிட்டார்.

பாரிசு நகரத்தார் விரும்பி வாங்கிய இவ்வச்சோவியங்கள் எடோ நகரத்தில், அஃதாவது இன்றைய தோக்கியோவில், பொதுமக்களுக்கெனச் சிறுவிலைக்கு விற்கப்பட்டவை. ஓவியன் வரைந்த கோட்டோவியத்தைச் செதுக்குவோன் மரப்பலகையிற் பொறிப்பான். அச்சிடுவோன் நிறத்துக்கொரு பலகையாக வண்ணந் தோய்த்துத் தாளிற் பதிப்பான். பதிப்பாளன் முதலிட்டு விற்பான். இவ்வுழைப்பின் அடையாளங்கள் படத்தின் மூலைகளில் எழுத்தாகவும் முத்திரையாகவும் இருந்தன. ஓவியன் பெயரின் கீழே ‘வரைந்தது’ எனப் பொருள்படும் ‘க’ என்பதோ ‘தூரிகை’ எனப் பொருள்படும் ‘ஹித்சு’ என்பதோ நிற்கும். பதிப்பாளனுக்குத் தனிக்குறி உண்டு. சில படங்களிற் செதுக்கினோன் பெயரும் ‘ஹொரி’ என்னும் சொல்லோடு காணப்படும். 1790 இல் இடப்பட்ட ஆணையின் பின்னர், ஆராயப்பட்டது என்பதைக் காட்டும் ‘கிவாமே’ என்ற தணிக்கை முத்திரையும் சேர்ந்தது. எடோ நகரத்தான் இவற்றையெல்லாம் ஒருநோக்கிற் படித்தான். பாரிசு நகரத்தான் இவற்றைக் கொடியும் பூவும் போன்ற அணிவேலை என்று கண்டான்.

இதனால் நேர்ந்த இழப்பை ஓர் எடுத்துக்காட்டால் உணரலாம். ஹொக்குசாய் என்னும் ஓவியர் 1831 ஆம் ஆண்டளவில் ஆக்கிய படமொன்றை உலகம் ‘பேரலை’ என்று அழைக்கின்றது. சீறியெழும் அலையே அதன் பொருளென்பது பலர் கருத்து. ஆனால் அப்படத்தின் இடப்பக்க மேன்மூலையிலுள்ள நீள்கட்டத்தில் ‘பூசி மலையின் முப்பத்தாறு காட்சிகள், கனகாவாக் கடலில் அலையின் கீழ்’ என்று பொருள்படும் தலைப்பு எழுதப்பட்டுள்ளது. அத்தொடருக்குத் தலைமைப்பொருள் அலையன்று. அலையின் வளைவினூடே சிறிதாய்த் தோன்றும் மலையே. கட்டத்தின் பக்கத்தில், ‘ஹொக்குசாய் என்ற பெயரை மாற்றிக்கொண்ட ஈட்சுவின் தூரிகை’ எனக் கையொப்பம் உண்டு. அறுபதாண்டை எய்திய பின்னரும் புதுப்பெயர் பூண்டு புதிதாய்த் தொடங்கினார் அம்முதியவர். தம் வாழ்நாளில் முப்பதுக்கு மேற்பட்ட பெயர்களை மேற்கொண்ட அவரை, எழுத்தறியாதார் பல வேறு ஓவியராக மயங்குதல் எளிது. கண் மட்டும் கொண்டு சென்றார்க்கு அலை கிடைத்தது. மலையும் மனிதனும் தப்பின.

ஒல்லாந்த ஓவியர் வின்சென்ற் வான் கோ இவ்வோவியங்களின்மேற் கொண்ட அன்பு ஐயத்துக்கு இடமில்லாதது. அவரும் அவர் தம்பி தியோவும் சேர்த்துவைத்த அச்சோவியங்கள் பல நூறு இன்றும் அம்சுரடாம் நகரிற் பேணப்படுகின்றன. 1887 இல் வான் கோ, ஹிரோஷிகே என்பார் ஆக்கிய ‘எடோவின் நூறு புகழிடங்கள்’ என்னும் தொடரிலிருந்து இரு படங்களைப் பார்த்து எண்ணெய் வண்ணத்தில் வரைந்தார். ஒன்று மரப்பாலத்தின்மேற் பெய்யும் திடீர்மழை. மற்றையது பூத்துநிற்கும் பிளம் தோட்டம். மூலத்தில் இல்லாத ஓரச்சட்டம் ஒன்றைச் சுற்றிலும் அமைத்து, வேறு அச்சோவியங்களிற் கண்ட யப்பானிய எழுத்துக்களை அதனுள் நிரப்பினார். அவ்வெழுத்துக்கள் அவர்க்கு அழகிய வடிவங்கள், பொருளுடைய சொற்களல்ல. அதேயாண்டில் அவர் வரைந்த பரத்தையின் படமோ 1886 இல் வெளிவந்த ‘பாரீ இலுசுத்திரே’ என்னும் இதழின் அட்டையைப் பார்த்து வரையப்பட்டது. எய்சென் என்னும் ஓவியரின் படத்தை அவ்வட்டை இடவலமாகத் திருப்பி அச்சிட்டிருந்தது. வான் கோவின் படமும் அவ்வாறே திரும்பி நின்றது. படியைப் பார்த்துப் படியெடுப்பார்க்கு, முதற்படியின் பிழை பிழையெனத் தோன்றாது என்பதற்கு இஃதொரு சான்று.

எழுத்தறியாமையைத் தாமே உணர்ந்து துணை தேடினவர் எட்மண் த கொன்கூர் என்னும் பிரெஞ்சு எழுத்தாளர். அவர் யப்பானிய மொழி கற்றவரல்லர். எனினும் 1891 இல் உத்தமாரோ என்னும் ஓவியரைப்பற்றியும், 1896 இல் ஹொக்குசாயைப்பற்றியும் நூல்கள் வெளியிட்டார். அவர்க்குக் கண்ணாய் அமைந்தவர் ஹயாஷி தடமசா. 1878 ஆம் ஆண்டுக் கண்காட்சிக்கு மொழிபெயர்ப்பாளராகப் பாரிசுக்கு வந்த ஹயாஷி, பின்னர் அங்கேயே கலைப்பொருள் வணிகராகி, யப்பானியக் குறிப்புக்களைக் கொன்கூருக்கு மொழிபெயர்த்து உதவினார். அட்டையில் எய்செனின் படத்தைத் தாங்கிய அவ்விதழின் கட்டுரையை எழுதினவரும் அவரே. நூலின் முகப்பிற் பெரிதாய் விளங்குவது கொன்கூரின் பெயர்; அந்நூலுக்கு வேராய் நின்றதோ ஹயாஷியின் உழைப்பு.

துணைவர் வாய்க்காத சேகரிப்பாளர் வேறொரு வழி கண்டனர். மொழி முழுவதையும் கற்க இயலாதாயினும், வேண்டிய சில குறிகளைக் கற்கலாமன்றோ? ஓவியர் கையொப்பங்களையும் பதிப்பாளர் குறிகளையும் மாதிரிகளோடு ஒப்பிட்டுத் தெளிந்தனர். 1850 களில் அச்சான படங்களில் ஆண்டும் திங்களும் காட்டும் முத்திரைகள் உண்டு. ஆண்டினைப் பன்னிரு விலங்குகளுள் ஒன்றன் பெயர் காட்டும். பன்னிரு விலங்கெழுத்தும் எண்ணெழுத்தும் அறிந்தவன் ஹிரோஷிகேயின் மழைப்படத்தைக் கையிலெடுத்தால், பாம்பாண்டு, ஒன்பதாந் திங்கள் எனப் படித்து, 1857 என்று துணியலாம். இருபது முப்பது குறிகளைக் கற்றவன் மொழிப்புலவனாகான். ஆயினும் படத்தைக் காலத்தோடும் ஆக்கியோனோடும் சேர்த்துக் காண்பான்.

இனி, நம் காலத்துக்கு வருவோம். 2007 ஆம் ஆண்டு செத்தெம்பரில் யப்பானில் ‘பிக்சிவ்’ என்னும் ஓவியப் பகிர்வுத் தளம் தொடங்கப்பட்டது. எடோவின் படக்கடையைப்போலவே அங்கும் ஓவியங்கள் திரள்திரளாய்க் குவிந்துள்ளன. ஓவியர் பலர் புனைபெயரிலேயே வழங்குகின்றனர். படத்தின் கீழுள்ள குறிச்சொற்களே தேடுவார்க்கு வழிகாட்டிகள். அவை பெரும்பாலும் யப்பானிய மொழியிலேயே உள்ளனவாதலின், இயற்கைக்காட்சி வேண்டுவோன் ஆங்கிலச் சொல்லால் தேடுவதிலும், ‘பூக்கெய்’ என்னும் சொல்லை அவர்தம் எழுத்திலே இட்டுத் தேடுவது பயன்தரும். பிறமொழிச் சொற்களை எழுதும் ‘கத்தக்கானா’ வரிவடிவில் அடிப்படை எழுத்துக்கள் நாற்பத்தாறே. அவற்றைப் பயின்றவன் உள்நுழையுமிடத்தில் ‘ரொகுயின்’ என்பதையும் குறிச்சொல்லிடத்தில் ‘தாகு’ என்பதையும் படித்து, இவை ஆங்கிலச் சொற்களே எனத் தெளிவான். இயந்திர மொழிபெயர்ப்பு இக்காலத்து ஹயாஷியாக உதவுகின்றது. ஆயினும் சீன எழுத்தில் அமைந்த பெயர்கள் பலவாறு ஒலிக்கப்படக் கூடுமாதலின், ஓவியன் பெயரை இயந்திரம் ஒலித்தவாறே கொள்ளாது அவன் எழுதியவாறே பெயர்த்தெழுதிவைத்தல் தக்கது.

எம் வகுப்பில் நிகழ்ந்ததொன்றைக் கூறாது விடுதல் நேர்மையாகாது. கண்காட்சியொன்றுக்காக மாணவன் ஒருவன் யப்பானியத் தளமொன்றிலிருந்து மழைக்காட்சிப் படத்தை எடுத்து அச்சிட்டுச் சுவரில் ஒட்டினான். அதன் அடியில் ஆறு யப்பானிய எழுத்துக்கள் செந்நிறத்தில் நின்றன. அவை படத்துக்கு அழகூட்டுகின்றன என்று கூறி அவனை யானும் பாராட்டினேன். அன்று மாலை ஐயுற்று அவ்வெழுத்துக்களை மொழிபெயர்த்துப் பார்த்தபோது, ‘முதன் தென்சாய் கின்ஷி’ என்று கண்டேன். இசைவின்றி எடுத்து வெளியிடல் கூடாது என்பது அதன் பொருள். வரைந்தவர் எம்மை நோக்கியே எழுதிய சொல்லை யாம் அணிவேலையாகக் கண்டோம். மறுநாட் காலை படத்தைக் கழற்றினோம். கண்காட்சி முடியும்வரை அவ்விடம் வெறுமையாகவே இருந்தது. வான் கோவின் ஓரச்சட்டத்தைப்பற்றி வகுப்பிற் பன்முறை பேசிய எனக்கு, அவ்வெற்றிடம் தந்த பாடம் பெரிது.

மொழியறியாமை குற்றமன்று. உலகின் மொழிகளெல்லாவற்றையும் ஒருவன் கற்றல் இயலாது. கற்ற பின்னரே காணவேண்டுமெனின் எவனும் எதனையும் காணான். வான் கோ காணாதிருந்தால் உலகக் கலைக்கு இழப்பே. ஆனால் பிறர் இல்லத்துள் விருந்தினனாய்ப் புகுவோன், வாயிலில் எழுதியிருப்பது யாதென வினவுதல் முறையாகும். ஆக்கியோன் பெயர், படத்தின் தலைப்பு, அவன் விதித்த வரம்பு ஆகிய மூன்றையும் அறியுமளவுக்கேனும் சில எழுத்துக்களைக் கற்றல் ஒருவார உழைப்பே. அவ்வுழைப்பை மேற்கொள்வோன் அலையோடு மலையையும் காண்பான். ஓவியத்தோடு ஓவியனையும் அறிவான்.