குடியும் மதமும்

கிறிஸ்தவக் குடும்பமொன்றிற் பிறந்த ஒருவர் இஸ்லாத்தைத் தழுவ எண்ணுகின்றார் என்று கொள்வோம். மட்டக்களப்பு வாவியைச் சூழ்ந்த நாட்டில் இஃது அரிதாயினும் நிகழாததன்று. அவர் முன் இரண்டு கேள்விகள் எழுகின்றன. விட்டுச் செல்லும் நம்பிக்கைக்கும் ஏற்க விரும்பும் நம்பிக்கைக்கும் உள்ள வேறுபாடு யாது என்பது ஒன்று. அவ்வேறுபாட்டைக் கடப்பதற்குக் கொடுக்கவேண்டிய விலை யாது என்பது மற்றொன்று. முதற் கேள்விக்கு வேதநூல்கள் விடை தரும். இரண்டாவதற்கு இந்நாட்டின் வரலாறே விடை தரவேண்டும். சமயப் பிரசாரகர் முதலாவதைப் பற்றியே பேசுவர். நாம் இரண்டையும் சேர்த்து நோக்குவோம்.

இரு சமயங்களும் ஒரே மரபிற் கிளைத்தவை. கிறிஸ்தவர் ஆதாம், நோவா, ஆபிரகாம், மோசே எனக் கூறுவோரை முஸ்லிம்கள் ஆதம், நூஹ், இப்றாஹீம், மூஸா எனப் போற்றுவர். இயேசுவை ஈஸா நபி என்பர். அவர் கன்னியிடத்துத் தந்தையின்றிப் பிறந்தார் என்பதையும் ஏற்பர். திருக்குர்ஆனின் 19ஆம் அத்தியாயம் மர்யம் என்னும் பெயரைத் தாங்குகின்றது. அந்நூல் பெயர் சுட்டிக் கூறும் பெண் அவர் ஒருவரே. ஆகவே இஸ்லாத்தை ஏற்பது இயேசுவை நிந்திப்பதாகும் என்று கருதுவோர் தவறாகக் கருதுகின்றனர்.

ஆயினும் பெயர்கள் மாத்திரமே மாறுகின்றன, பொருள் ஒன்றே என்று கூறுவதும் பிழை. கிறிஸ்தவர்க்கு இறைவன் ஒருவனே. ஆயினும் பிதா, சுதன், பரிசுத்த ஆவி என மூன்று ஆட்களாய் இருப்பவன். 325ஆம் ஆண்டு நிக்கேயாவிற் கூடிய திருச்சபைச் சங்கம், மகன் தந்தையோடு ஒரே பொருளாயிருப்பவர் என அறுதியிட்டது. இஸ்லாமோ இறைவனுக்கு மகவுமில்லை, இணையுமில்லை எனத் திட்டமாக மறுக்கின்றது. கிறிஸ்தவத்தின் நடுநாயகமாய் விளங்குவது சிலுவை. இயேசு சிலுவையில் மரித்து உயிர்த்தெழுந்தமையே மனிதரின் மீட்பு என்பது அதன் போதனை. திருக்குர்ஆனின் 4ஆம் அத்தியாயம் அவர் சிலுவையிற் கொல்லப்படவில்லை என்கின்றது. ஆதாமின் பாவம் மனித குலம் முழுவதையும் பற்றியது என்பது மேலைத் திருச்சபைகளின் கொள்கை. ஆதமின் பிழை அவரளவிலேயே மன்னிக்கப்பட்டது, ஒருவர் சுமையை மற்றொருவர் சுமப்பதில்லை என்பது இஸ்லாத்தின் கொள்கை. முன்னையது மீட்பரை வேண்டி நிற்கின்றது; பின்னையது வழிகாட்டியை வேண்டி நிற்கின்றது. இவ்வொரு வேறுபாட்டிலிருந்தே ஏனையவை பல பிறக்கின்றன.

வழிபாட்டிலும் வாழ்விலும் இது புலனாகும். கத்தோலிக்கர்க்குக் குருவானவர் திருவருட்சாதனங்களை வழங்குபவர். பள்ளிவாசலில் தொழுகை நடத்தும் இமாமுக்கு அத்தகைய குருத்துவம் கிடையாது. திருமணம் கத்தோலிக்கர்க்கு அவிழ்க்கவொண்ணாத அருட்சாதனம். முஸ்லிம்களுக்கு முறிக்கக்கூடிய ஒப்பந்தம். சேர்ந்த செல்வத்தில் ஆண்டுதோறும் நாற்பதில் ஒரு பங்கை ஸக்காத்தாகக் கொடுப்பது முஸ்லிமின் கடமை. கிறிஸ்தவத்திலும் தருமம் உண்டு, எனினும் அது இத்தகைய கணக்குடன் விதிக்கப்படவில்லை. கிறிஸ்தவத்தின் வாயில் ஞானஸ்நானம். இஸ்லாத்தின் வாயில் கலிமா. எது உண்மை எனத் தீர்ப்புக் கூறுவது எமது பணியன்று. வேறுபாடு மெய்யானது; அதனை அறிந்தபின்பே ஒருவர் முடிவு செய்தல் வேண்டும்.

இனி இரண்டாவது கேள்விக்கு வருவோம். இவ்விரு சமயங்களும் வாவிக்கரைக்கு வந்த வழிகள் வேறு. இஸ்லாம் வணிகத்தின் வழியாகவும் மண உறவின் வழியாகவும் வந்தது. முக்குவர் திமிலரோடு பொருதபோது முஸ்லிம்கள் முக்குவர்க்குத் துணைநின்றனர் என்றும், அதற்குக் கைம்மாறாக நிலமும் பெண்ணும் பெற்றனர் என்றும் இந்நாட்டு மரபுக்கதை கூறும். கதையை வரலாறாகக் கொள்ளவேண்டியதில்லை. ஆனால் அக்கதை விளக்க முயலும் உண்மை கண்கூடு. தமிழரிடத்தும் முஸ்லிம்களிடத்தும் தாய்வழிக் குடிமுறை உண்டு. இரு சாராரும் ஒரே குடிக்குள் மணம் செய்வதைத் தவிர்ப்பது மரபு. இரு சாராரும் மகளுக்கே வீட்டைச் சீதனமாகக் கொடுப்பர். மாப்பிள்ளை பெண்வீட்டிலேயே வாழப்புகுவான். கோயிலின் வண்ணக்கர் குடிவழியாக வருவதுபோலப் பள்ளிவாசலின் மரைக்காயரும் குடிவழியாக வந்தனர். முஸ்லிம் வீட்டில் அப்பா வாப்பாவாகிறார், அம்மா உம்மாவாகிறார், அண்ணன் காக்காவாகிறான். ஆனால் மாமா, மாமி, மச்சான் என்னும் சொற்கள் இரு வீடுகளிலும் மாறுவதில்லை. பெண் கொண்டு கொடுக்கும் உறவைக் குறிப்பவை அச்சொற்களே என்பது கவனிக்கத்தக்கது.

கிறிஸ்தவமோ கோட்டையின் நிழலில் வந்தது. போர்த்துக்கேயர் 1628இல் புளியந்தீவிற் கோட்டை கட்டினர். 1638இல் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். பிரித்தானியர் காலத்தில் அது பாடசாலையின் வழியாகப் பரவிற்று. மெதடிஸ்த மிஷனைச் சேர்ந்த வில்லியம் ஓல்ட் 1814இல் மட்டக்களப்புக்கு வந்து பாடசாலைகளைத் தொடக்கி, 1815இல் இங்கேயே மறைந்தார். 1873இல் புனித மிக்கேல் கல்லூரி தோன்றியது. கற்றோர்க்கு உத்தியோகம் கிடைத்தது. ஆகவே மதமும் பள்ளியும் உத்தியோகமும் ஒரே கயிற்றிற் கோக்கப்பட்டன. இந்தக் கயிற்றை அஞ்சியே முஸ்லிம் பெற்றோர் பலர் தம் பிள்ளைகளை மிஷன் பள்ளிகளுக்கு அனுப்பத் தயங்கினர். சித்திலெப்பை 1882இல் தொடக்கிய ‘முஸ்லிம் நேசன்’ இதழ் அத்தயக்கத்தோடு போராடவேண்டியிருந்தது. 1929இல் விபுலானந்த அடிகள் கல்லடி உப்போடையிற் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவியதற்கும் இதுவே பின்னணி.

ஆதிக்கத்தின் மதம், அகதியின் மதம் என இவற்றை நிலையாகப் பிரித்துவிடவும் கூடாது. 1626இல் போர்த்துக்கேயர் தம் ஆட்சிப் பகுதியினின்று முஸ்லிம்களை வெளியேற்றியபோது கண்டியரசன் செனரத் அவர்களுக்குப் புகலிடம் அளித்தான். நாலாயிரவர் வரை மட்டக்களப்பிற் குடியேற்றப்பட்டனர் என்பர். பின்னர் ஒல்லாந்தர் கத்தோலிக்கரைத் துன்புறுத்தியபோது, 1687இல் இலங்கைக்கு வந்த யோசேவ் வாஸ் அடிகளுக்கும் அதே கண்டியரசே நிழலாயிற்று. அரபு நாட்டில் முதல் முஸ்லிம்கள் துன்புற்றபோது அபிசீனியாவின் கிறிஸ்தவ மன்னன் அவர்களைக் காத்தான் என்பது இஸ்லாமிய வரலாறு. ஒடுக்குவது எந்த மதத்துக்கும் பிறவிக்குணமன்று. ஆட்சியும் வணிகப் போட்டியுமே அதனைத் தூண்டுகின்றன.

இங்கு ஒரு முரண்பாடு தோன்றுகின்றது. கோட்டையோடு வந்த மதத்தை ஏற்ற தமிழர் தமிழராகவே எண்ணப்படுகின்றனர். குடியோடு கலந்த மதத்தைச் சேர்ந்தோர், தமிழையே தாய்மொழியாகக் கொண்டிருந்தும், வேறோர் இனத்தவராக எண்ணப்படுகின்றனர். இது எவ்வாறு நேர்ந்தது? குடித்தொகைக் கணக்கையும் சட்டசபை ஆசனங்களையும் இன அடிப்படையில் வகுத்த குடியேற்ற ஆட்சி இதற்கு அடித்தளமிட்டது. 1888இல் பொன்னம்பலம் இராமநாதன் சோனகரை இனத்தால் தமிழரென வாதிட்டுக் கட்டுரை வாசித்தார். தனிப் பிரதிநிதித்துவம் வேண்டிய முஸ்லிம் தலைவர்கள் அதனைத் தம் உரிமைக்கு விழுந்த அடியாகக் கண்டனர். 1889இல் முஸ்லிம்களுக்குத் தனி அங்கத்துவம் கிடைத்தது; 1907இல் ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் இராமநாதனுக்கு மறுப்பு எழுதினார். ஓர் ஆசனத்தைப் பற்றிய வழக்கு ஓர் இனத்தின் எல்லைக்கோடாயிற்று.

ஆகவே இன்று வாவிக்கரையில் ஓர் இந்து கிறிஸ்தவரானால் ஆலயம் மாறுகின்றார், இனம் மாறுவதில்லை. ஒரு கிறிஸ்தவர் முஸ்லிமானால் ஊர் வழக்கில் ‘தமிழர்’ என்ற பெயரையே இழக்கின்றார். மூவொருமையா, ஓரிறையா என்று சிந்தித்தவர் தாம் அறியாமலே ஓர் அரசியல் எல்லையைக் கடந்துவிடுகின்றார். நாம் குறித்த விலை இதுவே.

இவ்விலையை 1990 பன்மடங்காக்கியது. அவ்வாண்டு ஆகஸ்டு 3ஆந் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களிற் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கு மேற்பட்டோரை விடுதலைப் புலிகள் கொன்றனர். செப்டெம்பர் 9ஆந் திகதி சத்துருக்கொண்டானில் தமிழ்க் கிராம மக்கள், பெண்களும் குழந்தைகளுமாக, படைமுகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டுக் கொல்லப்பட்டனர். 2019 ஏப்பிரல் 21ஆந் திகதி, உயிர்ப்பு ஞாயிறன்று, சீயோன் தேவாலயத்திற் குண்டு வெடித்துக் குழந்தைகள் பலரும் மாண்டனர். அத்தாக்குதல்களை நடத்திய குழுவின் தலைவன் காத்தான்குடியைச் சேர்ந்தவன். ஆயினும் அவனுடைய வன்முறையை முன்னரே அனுபவித்து, முறையிட்டோரும் காத்தான்குடி முஸ்லிம்களே. அந்நாளுக்குப்பின் இஸ்லாத்தைத் தழுவுவோரை ஐயக்கண்கொண்டு நோக்கும் பழக்கம் மிகுந்தது. கொலைகாரனின் குற்றம் கலிமாவைச் சொன்னவர்மீது சுமத்தப்படுகின்றது.

சாதியினின்று விடுபடவும் மனிதர் மதம் மாறுவர். கடலுக்கப்பாலே தமிழகத்தில், திருநெல்வேலிப் பகுதியின் மீனாட்சிபுரத்தில், 1981இல் தாழ்த்தப்பட்ட மக்கள் பெருந்தொகையாக இஸ்லாத்தைத் தழுவினர். தேவாலயத்திலும் சாதி தொடர்ந்ததை அவர்கள் கண்டிருந்தனர். அந்த எதிர்பார்ப்பு நியாயமானது. எனினும் மட்டக்களப்பு முஸ்லிம்களிடையேயும் விருத்தசேதனம் செய்யும் ஒஸ்தாமாரோடு ஏனையோர் மண உறவு கொள்ளத் தயங்கியதுண்டு. சமத்துவத்தை வேதம் கூறுவது வேறு, நிலமும் சீதனமும் அதற்கு இடங்கொடுப்பது வேறு.

மற்றொன்றையும் மறத்தலாகாது. கிறிஸ்தவ முறையில் மணந்த ஒருவர் இஸ்லாத்தைத் தழுவி இரண்டாவது மணம் செய்த றீட் வழக்கில், 1965இல் பிரிவுக்கவுன்சில் அம்மணம் குற்றமாகாது என்றது. 1990களின் இறுதியில் அபேசுந்தர வழக்கில் இலங்கை உயர் நீதிமன்றம் அந்நிலையை மாற்றியது: மதமாற்றம் முதல் மனைவியின் உரிமையை அழிக்காது. மனச்சாட்சி ஒருவருடையது, அதனைக் கேடயமாக்கி மற்றொருவரை வஞ்சிக்க முடியாது. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 10ஆவது உறுப்புரை, தாம் விரும்பும் மதத்தை ஏற்கும் உரிமையை ஒவ்வொருவருக்கும் தருகின்றது. அவ்வுரிமை நேர்மையை வேண்டி நிற்பது.

ஆகவே அந்த ஒருவரிடம் நாம் கூறக்கூடியது இது. இரு வேதங்களையும் அவ்வவற்றை நம்புவோரின் வாயிலாகவே கற்றறிக. எதிரியின் வாயிலாகக் கற்காதீர். உம்மைச் சார்ந்தோர்க்கு நீர் கடமைப்பட்டவற்றைத் தீர்த்தபின் முடிவு செய்க. முடிவு எதுவாயினும் அது உமது மனச்சாட்சியின் தனியுரிமை. எஞ்சியது எமது பொறுப்பு. ஆசிரியரும் மாணவரும் குடியின் வரலாற்றை வகுப்பறையிற் பேசவேண்டும். இன எல்லை சட்டசபையில் வரையப்பட்டதென்பதை எடுத்துக்காட்டவேண்டும். ஒருவர் கோயிலுக்கோ தேவாலயத்துக்கோ பள்ளிவாசலுக்கோ செல்லட்டும். அவர் மறுநாட் சந்தைக்கு வரும்போது, நேற்றுவரை மச்சான் என்று அழைத்தவன் இன்றும் அவரை மச்சான் என்றே அழைக்கவேண்டும்.