தொடக்கக் கல்வியின் இறுதியாண்டில் செயல்வழிக் கற்றல்: தமிழ்நாட்டு ஐந்தாம் வகுப்பின் வரலாற்று நிலை

ஆய்வுச்சுருக்கம்

தமிழ்நாட்டில் தொடக்கக் கல்வியின் நிறைவாண்டு ஐந்தாம் வகுப்பாகும். கையால் செய்து கற்கும் முறை 1937இல் உருவான ஆதாரக் கல்வி முதல் 2023இல் விரிவாக்கப்பட்ட எண்ணும் எழுத்தும் திட்டம் வரை பல வடிவங்களில் முன்வைக்கப்பட்டுள்ளது. அவற்றுள் ஐந்தாம் வகுப்பு பெற்ற இடத்தை இக்கட்டுரை ஆராய்கிறது. இவ்வகுப்பில் செயல்வழிக் கற்றலின் அளவைத் தீர்மானிப்பதில் குழந்தையின் தேவையைவிட அடுத்த கட்டக் கல்வியின் எதிர்பார்ப்பே மேலோங்கியது என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: ஐந்தாம் வகுப்பு, ஆதாரக் கல்வி, குலக்கல்வி எதிர்ப்பு, செயல்வழிக் கற்றல், படைப்பாற்றல் கல்வி, எண்ணும் எழுத்தும்.

முன்னுரை

ஐந்தாம் வகுப்பு மாணவரின் வயது ஏறத்தாழ பத்து. பியாஜேயின் அறிவு வளர்ச்சிக் கோட்பாட்டின்படி, கண்ணால் கண்டும் கையால் தொட்டும் சிந்திக்கும் பருவம் நிறைவை நெருங்கும் காலம் இது. பின்னம், பரப்பளவு, கோணம் முதலிய கருத்துகள் இக்கட்டத்தில் வலுப்பெறுகின்றன. தாளை மடித்து நான்கில் மூன்று பங்கைக் கண்டறிந்த குழந்தைக்கு அப்பின்னம் பொருளுடையதாகிறது. விதியை மட்டும் மனனம் செய்த குழந்தைக்கு அது இரு எண்களுக்கிடையே இட்ட கோடாகவே நின்றுவிடுகிறது. எனவே கற்றல் செயல்பாடுகள் மிகுதியும் தேவைப்படும் வகுப்புகளுள் இதுவும் ஒன்று. ஆயினும், கல்வித் திட்டங்களின் வரலாற்றில் இவ்வகுப்பு நிலையான இடத்தைப் பெறவில்லை.

ஆதாரக் கல்வியும் அரைநாள் பள்ளியும்

1937 அக்டோபரில் வார்தாவில் கூடிய கல்வி மாநாடு, கைத்தொழிலை மையமாகக் கொண்ட கல்வியை வலியுறுத்தியது. சாகிர் உசேன் தலைமையிலான குழு அதற்குப் பாடத்திட்டம் வகுத்தது. நூற்றல், நெசவு, தச்சு, வேளாண்மை போன்ற தொழில்களின் வழியே கணக்கும் மொழியும் அறிவியலும் கற்பிக்கப்பட வேண்டும் என்பது அதன் அடிப்படை. நூலின் நீளத்தை அளக்கும்போது கணக்கும், பருத்தி விளையும் நிலத்தை அறியும்போது புவியியலும் இயல்பாக உடன் வரும் என்று எதிர்பார்க்கப்பட்டது. இத்திட்டத்தில் எக்குடும்பத்தில் பிறந்த குழந்தையாயினும் பள்ளியில் ஒரே தொழிலைக் கற்க வேண்டும் என்பது குறிப்பிடத்தக்கது.

சென்னை மாநிலத்தில் 1953இல் முதலமைச்சர் இராஜாஜி கொண்டுவந்த மாற்றுத் தொடக்கக் கல்வித் திட்டம் வேறு திசையில் சென்றது. ஊரகத் தொடக்கப் பள்ளிகளில் ஒரு மாணவருக்குரிய பள்ளி நேரம் நாளொன்றுக்கு மூன்று மணியாகக் குறைக்கப்பட்டது. எஞ்சிய நேரத்தில் குழந்தை பெற்றோரின் தொழிலைக் கற்கலாம் எனக் கூறப்பட்டது. சாதியும் தொழிலும் பிணைந்திருந்த சமூகத்தில் இது பிறப்பின்படி தொழிலை நிலைநிறுத்தும் என்று திராவிடர் கழகமும் திராவிட முன்னேற்றக் கழகமும் கடுமையாக எதிர்த்தன. 'குலக்கல்வித் திட்டம்' என்னும் பெயர் அவ்வெதிர்ப்பில் நிலைபெற்றது. காங்கிரசுக்குள்ளும் எதிர்ப்பு வலுத்தது. 1954 ஏப்ரலில் காமராசர் முதலமைச்சரானபின் அத்திட்டம் கைவிடப்பட்டது.

இரு திட்டங்களும் கையின் உழைப்பைப் போற்றின. ஆனால் வார்தாத் திட்டத்தில் தொழில் பாடங்களைக் கற்பதற்கான வழியாக இருந்தது. 1953ஆம் ஆண்டுத் திட்டத்தில் தொழில் பள்ளிக்கு வெளியே சென்று, கற்கும் நேரத்தையே குறைத்தது. கையால் கற்பது என்ற கருத்தைத் தமிழ்நாட்டில் மதிப்பிடும்போது இவ்வேறுபாட்டை மறத்தலாகாது. ஒடுக்கப்பட்ட சமூகத்தினர் புத்தகக் கல்வியை உரிமையாகக் கோரியதற்கும், 'செயல்' என்னும் பெயரில் வரும் மாற்றங்களைப் பெற்றோர் ஐயத்துடன் நோக்குவதற்கும் இவ்வரலாறு ஒரு பின்புலமாகும்.

அட்டையும் ஏணியும்

2003இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கப்பட்டது. அப்போதைய மாநகராட்சி ஆணையர் எம்.பி. விஜயகுமார் இதில் முதன்மைப் பங்காற்றினார். ஆந்திரத்தின் ரிஷிவேலியில் உருவான ஊரகப் பள்ளி முறை இதற்கு முன்மாதிரியாக அமைந்தது. 2007-08ஆம் கல்வியாண்டில் இம்முறை மாநிலம் முழுவதும் பரவியது.

இம்முறையில் பாடப்பொருள் சிறு படிகளாகப் பகுக்கப்பட்டு அட்டைகளாக்கப்பட்டது. அட்டைகளின் வரிசையைக் காட்டும் ஏணியில் குழந்தை தன் இடத்தைத் தானே கண்டு, அடுத்த அட்டையை எடுத்துக்கொள்ளும். ஆசிரியரின் உதவி, சக மாணவரின் உதவி, தனித்துக் கற்றல், மதிப்பீடு எனக் குழுக்கள் அமைந்தன. ஆசிரியர் தரையில் மாணவருடன் அமர்ந்தார். கைக்கெட்டும் உயரத்தில் கரும்பலகைகள் அமைக்கப்பட்டன. மாணவரின் படைப்புகள் கம்பிப் பந்தலில் தொங்கவிடப்பட்டன. தேர்வு என்னும் தனி நிகழ்வின்றி மதிப்பீடும் ஓர் அட்டையாக ஏணிக்குள்ளேயே இடம்பெற்றது.

இம்முறை நான்காம் வகுப்புடன் நின்றது. ஒன்று முதல் நான்கு வரையிலான குழந்தைகள் ஒரே அறையில் கலந்தமர்ந்து தத்தம் வேகத்தில் முன்னேறினர். ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்குப் படைப்பாற்றல் கல்வி வகுக்கப்பட்டது. அதில் பாடநூலைப் படித்தல், மனவரைபடம் வரைதல், தொகுத்து வழங்குதல் ஆகியன முதன்மை பெற்றன. இடைப்பட்ட ஐந்தாம் வகுப்புக்குப் பின்னர் 'எளிய படைப்பாற்றல் கல்வி' அளிக்கப்பட்டது. அப்பெயரே இவ்வகுப்பின் நிலையைக் காட்டுகிறது: மேல்வகுப்பு முறையின் எளிய வடிவமாக அது கருதப்பட்டதேயன்றி, கீழ்வகுப்பு முறையின் நிறைவாகக் கருதப்படவில்லை.

இதனால் ஒரு முரண் எழுந்தது. ஏணி குழந்தையின் வேகத்தை ஏற்றது; வகுப்பு மாற்றமோ ஆண்டுக் கணக்கைப் பின்பற்றியது. நான்காம் வகுப்பு முடிவில் ஏணியின் இடைப்படியில் நின்ற குழந்தையும் ஐந்தாம் வகுப்பில் பாடநூலை எதிர்கொள்ள நேர்ந்தது. பொருளைக் கையாண்டு கற்றதிலிருந்து பனுவலைப் படித்துக் கற்பதற்கு மாறும் சுமை முழுவதும் இந்த ஓராண்டின்மீது விழுந்தது.

சட்டமும் தேர்வும்

2009ஆம் ஆண்டுக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 29ஆம் பிரிவு, செயல்பாடுகள், கண்டறிதல், தேடல் ஆகியவற்றின் வழியே கற்றலை எட்டாம் வகுப்பு வரை வலியுறுத்தியது. அதே சட்டத்தின் 16ஆம் பிரிவு, தொடக்கக் கல்வி முடியும்வரை மாணவரை ஒரே வகுப்பில் நிறுத்துவதைத் தடுத்தது. 2019இல் இப்பிரிவு திருத்தப்பட்டு, ஐந்தாம், எட்டாம் வகுப்புகளின் இறுதியில் தேர்வு நடத்த வழி ஏற்பட்டது. அவ்வாண்டு செப்டம்பரில் தமிழ்நாட்டு அரசு இவ்விரு வகுப்புகளுக்கும் பொதுத்தேர்வை அறிவித்தது. கடும் எதிர்ப்புக்குப்பின் 2020 பிப்ரவரி 4 அன்று அவ்வறிவிப்பு கைவிடப்பட்டது. தேர்வு நடைபெறவில்லையெனினும், ஐந்தாம் வகுப்பைக் கற்றலின் நிறைவாகக் காண்பதா, வடிகட்டும் வாயிலாகக் காண்பதா என்னும் கேள்வி வெளிப்படையாக எழுந்த தருணம் அது.

எண்ணும் எழுத்தும்

பெருந்தொற்றுக்காலக் கற்றல் இழப்பை ஈடுசெய்ய, 2022 ஜூனில் முதல் மூன்று வகுப்புகளுக்கு எண்ணும் எழுத்தும் திட்டம் தொடங்கப்பட்டது. அரும்பு, மொட்டு, மலர் எனக் கற்றல் நிலைகள் பகுக்கப்பட்டு, அவற்றுக்கேற்பப் பயிற்சிகள் வகுக்கப்பட்டன. 2023-24இல் இது நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கும் விரிவாக்கப்பட்டது. அவ்வாண்டு ஐந்தாம் வகுப்பில் அமர்ந்த குழந்தைகள், 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது முதல் வகுப்பில் இருந்தவர்கள். எழுத்தறிவு உருப்பெறும் இரண்டாம் வகுப்பை அவர்கள் வகுப்பறையில் பயிலவில்லை. ஆகவே இவ்விரிவாக்கம் தேவையான ஒன்றாகும். எனினும், இங்குச் செயல்பாடு ஐந்தாம் வகுப்பை அடைந்தது இழப்பை ஈடுசெய்யும் வழியாகவே. பத்து வயதுக் குழந்தைக்கு இயல்பான கற்றல் வழி என்னும் அடிப்படையில் அது இன்னும் அவ்வகுப்பில் வேரூன்ற வேண்டியுள்ளது.

முடிவுரை

கீழ்வகுப்புகளுக்குரிய விளையாட்டாகவோ, மேல்வகுப்புப் பாடமுறையின் எளிய வடிவமாகவோ, இழப்பை ஈடுசெய்யும் உத்தியாகவோ செயல்பாடு ஐந்தாம் வகுப்பில் மாறிமாறிக் கருதப்பட்டு வந்துள்ளது. 1953ஆம் ஆண்டு நிகழ்வு, பள்ளி நேரத்தைக் குறைத்துக் கைத்தொழிலுக்கு இடமளித்தால் அநீதி நேரும் என்பதைக் காட்டியது. 2003க்குப் பிந்தைய அனுபவம், பள்ளிக்குள்ளேயே கைக்கு இடமளித்து இறுதியாண்டில் அதனைத் திரும்பப் பெற்றால் கற்றல் தொடர்ச்சி அறுபடும் என்பதைக் காட்டுகிறது. அட்டையிலிருந்து நூலுக்கு மாறும் பாலமாக ஐந்தாம் வகுப்பைத் திட்டமிடும்போதே இவ்விரு படிப்பினைகளும் பொருள் பெறும்.