வாக்குச்சீட்டின் வரிசையும் தேடுபொறியின் வரிசையும்: ஜவ்வாது மலை வாக்காளரை முன்வைத்து

முன்னுரை

வேட்பாளர்களை எவ்வரிசையில் வாக்காளர் முன் வைப்பது என்பது இந்தியத் தேர்தல் வரலாற்றில் சட்டத்தால் விடை காணப்பட்ட வினா. வேட்பாளரைப் பற்றி அறிய வாக்காளர் கைப்பேசியில் தேடும் இக்காலத்தில் அவ்வினா மீண்டும் எழுகிறது.

வாக்குச்சீட்டின் வரிசை

1951–52 பொதுத்தேர்தலில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனி வாக்குப்பெட்டி வைக்கப்பட்டது. பின்னர் எல்லாப் பெயர்களும் ஒரே சீட்டில் அச்சிடப்பட்டு முத்திரையிடும் முறை பரவியபோது, பெயர் நிற்கும் இடம் பொருளுடையதாயிற்று. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் அகரவரிசையை விதித்தது. 1996இல் மொடக்குறிச்சிச் சட்டமன்றத் தொகுதியில் 1,033 பேர் போட்டியிட்டனர். அதே ஆண்டு ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த சட்டத்திருத்தம் அங்கீகரிக்கப்பட்ட கட்சியினர், பதிவுபெற்ற பிற கட்சியினர், ஏனையோர் என வேட்பாளர்களை மூன்றாகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் அகரவரிசையை நிலைநிறுத்தியது. இது பெரிய கட்சிகளுக்குச் சாதகமான வரிசையே. ஆயினும் விதி அச்சில் உள்ளது. எவரும் அதனைப் படித்து எதிர்த்து வாதிடலாம்.

தேடுபொறியின் வரிசை

2014 மக்களவைத் தேர்தலின்போது இராபர்ட் எப்ஸ்டீன், ரொனால்ட் இராபர்ட்சன் ஆகியோர் முடிவெடுக்காத 2,150 இந்திய வாக்காளரிடம் ஆய்வு நடத்தினர். ராகுல் காந்தி, அரவிந்த் கெஜ்ரிவால், நரேந்திர மோடி ஆகியோருள் ஒருவருக்குச் சாதகமான பக்கங்கள் மேலே வருமாறு அமைத்த மாதிரித் தேடுபொறி அவர்களுக்குத் தரப்பட்டது. வாக்காளர் விருப்பம் அவ்வரிசையின் பக்கம் நகர்ந்தது. பெரும்பாலோர் சாய்வை உணரவில்லை. 2015இல் வெளியான இவ்வாய்வு, எந்நிறுவனமும் அவ்வாறு செய்ததாக நிறுவவில்லை. வரிசைக்கு அவ்வாற்றல் உண்டு என்பதையே காட்டியது.

மலையும் சமவெளியும்

திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரவிய ஜவ்வாது மலை, மலையாளிப் பழங்குடியினரின் வாழிடம். தமிழ்நாட்டில் பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்ட சட்டமன்றத் தொகுதிகள் ஏற்காடும் சேந்தமங்கலமும் மட்டுமே. எனவே ஜவ்வாது மலை மக்கள் சமவெளியோடு இணைந்த தொகுதிகளிலேயே வாக்களிக்கின்றனர். தேடுபொறிகள் ஒரு பக்கத்துக்குப் பிற பக்கங்கள் தரும் இணைப்புகளையும் எடைபோடுகின்றன. ஆதலால் மிகுதியாக எழுதப்படும் சமவெளிச் செய்திகள் மேலேற, வன உரிமை குறித்து அதே வேட்பாளர் கூறியது கீழே தங்கிவிடக்கூடும். ஜவ்வாது, ஜவாது, சவ்வாது என மலையின் பெயரே பலவாறு எழுதப்படுவது அச்செய்திகளை மேலும் சிதறச் செய்யலாம். இங்கே எவருடைய சூழ்ச்சியும் தேவையில்லை, எண்ணிக்கையே சாய்வாகிவிடுகிறது.

முடிவுரை

சொத்து, கல்வி, குற்ற வழக்கு விவரங்கள் அடங்கிய வேட்பாளரின் உறுதிமொழிப் பத்திரத்தைத் தேர்தல் ஆணையம் இணையத்தில் வெளியிடுகிறது. தேர்தல் காலத்தில் வேட்பாளர் பெயரைத் தேடுவோருக்கு அப்பத்திரமே முதலில் தோன்ற வேண்டும் என்றும், ஏனைய வரிசைக்கான விதி வெளியிடப்பட வேண்டும் என்றும் கோருவது புதுமையன்று. வாக்குச்சீட்டு முன்பே ஏற்றுக்கொண்ட நெறியை அடுத்த பட்டியலுக்கும் நீட்டிப்பதே அது.