கைக்கு எட்டாத மருந்து

நர்ஸ் படிப்பில் சேர்ந்த புதுசிலேயே ஐந்து விஷயத்தைப் பாடம் பண்ண வைத்தார்கள். சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம். அலமாரியிலிருந்து எடுக்கும்போது, அளக்கும்போது, திரும்ப வைக்கும்போது என்று மூணு தரம் மருந்துச் சீட்டைப் படிக்கணும். 'நீங்கதானே இன்னார்?' என்று நோயாளியைக் கேட்கக் கூடாது. காய்ச்சல் மயக்கத்தில் யாரும் தலையாட்டிவிடுவார்கள். 'உங்க பேரு என்ன?' என்று கேட்டு அவர் வாயாலேயே சொல்ல வைக்கணும். மாத்திரையை முழுங்குகிற வரைக்கும் கூட நிக்கணும்.

இது விஞ்ஞானம். சேரியில் பிறந்த எனக்கு இதுக்குள்ளே இன்னொன்றும் தெரிந்தது. கிட்டப் போகாமல், பேர் கேட்காமல் இதில் எதையும் ஒழுங்காகச் செய்ய முடியாது. அப்படியென்றால் தீட்டுப் பார்க்கிறவன் கையிலிருக்கும் மருந்து என்ன மருந்து?

எங்க ஊர்ப் பக்கம் ஒரு கம்பவுண்டர் இருந்தார். மத்தவங்களுக்கு மாத்திரையைக் கையில் கொடுப்பார். நம்ம சனங்களுக்குக் காகிதத்தில் மடித்து மேலேயிருந்து போடுவார். சாப்பாட்டுக்கு முன்னயா பின்னயா என்று எங்க ஆத்தா வாயைத் திறக்கும் முன்னாடி அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்.

இதுக்கு எழுதப்பட்ட சரித்திரம் உண்டு. 1929 டிசம்பரில் காந்தியின் 'யங் இந்தியா'வில் ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் கத்தியவாரில் இருந்த ஒரு தலித் பள்ளி ஆசிரியர். அம்பேத்கர் அதைத் தம் 'விசாவுக்காகக் காத்திருத்தல்' குறிப்புகளில் எடுத்து வைத்திருக்கிறார். பிள்ளை பெற்ற ரெண்டாம் நாள் ஆசிரியரின் மனைவிக்கு நோய் கண்டது. மூச்சு விட முடியவில்லை. டாக்டர் சேரிக்குள் வர மாட்டேன் என்றார். ஊர்ப் பெரியவர்கள் சொல்லி, ரெண்டு ரூபாய் ஃபீசுக்கு ஒருவர் ஜாமீன் நின்ற பிறகு, சேரிக்கு வெளியே கொண்டுவந்தால் பார்ப்பதாக ஒத்துக்கொண்டார். பச்சை உடம்புக்காரியைப் பிள்ளையோடு தூக்கி வந்தார்கள். டாக்டர் தெர்மாமீட்டரை ஒரு முஸ்லிமிடம் கொடுத்தார், அவர் கணவனிடம், கணவன் மனைவியிடம். அதே வழியில் அது திரும்பிப் போனது. தூர நின்று விளக்கு வெளிச்சத்தில் பார்த்து நிமோனியா என்றார். மருந்து அனுப்பினார். பிறகு கூப்பிட்டபோது வரவில்லை. அந்தப் பெண் செத்துப்போனாள்.

மருந்து வந்தது, பாருங்கள். ஆனால் நாடியைத் தொட ஆளில்லை. மருந்து கேட்கிறதா, மூச்சு எப்படி என்று மறுநாள் வந்து பார்க்கவும் ஆளில்லை.

அது பழைய கதை என்று சொல்ல எனக்கு வாய் வராது. நான் வேலைக்குச் சேர்ந்த வார்டில் ஒரே பேரில் ரெண்டு அம்மாக்கள். ஒருவருக்குச் சர்க்கரை வியாதி. இன்னொருவர் தெருக் கூட்டுகிறவர். அவர் கட்டில் கிட்டே போகப் பிடிக்காத ஒரு மூத்த சிஸ்டர், மாத்திரையைக் கால்மாட்டில் வைத்து 'எடுத்துப் போட்டுக்க' என்று சொல்லிப் போய்விட்டார். அது மற்றவருடைய சர்க்கரை மாத்திரை. அந்த அம்மா காலையிலிருந்து ஒண்ணும் சாப்பிடவில்லை. உடம்பெல்லாம் வேர்த்து நினைவு தப்பிவிட்டது. குளுக்கோஸ் ஏற்றித்தான் மீட்டோம். 'படிக்காத ஜென்மம், கண்டதை முழுங்கிடுச்சு' என்று பழி அந்த அம்மா மேலேயே விழுந்தது.

ஏழைகளுக்கு மருந்து சாப்பிடத் தெரியாது என்கிற இந்தப் பேச்சுக்குச் சென்னையிலேயே பதில் இருக்கிறது. 1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டன் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் சேர்ந்து சேத்துப்பட்டில் காசநோய்ச் சிகிச்சை ஆய்வு மையம் தொடங்கின. நகரத்து ஏழை நோயாளிகளில் ஒரு பாதியைச் சானடோரியத்தில் வைத்தார்கள். மறு பாதிக்கு வீட்டிலேயே வைத்தியம். ரெண்டு பேருக்கும் ஒரே மருந்துகள், ஒரு வருஷம். சானடோரியத்தில் நல்ல சாப்பாடு, ஓய்வு, நர்ஸ் கவனிப்பு. வீட்டில் நெருக்கடி, அரை வயிறு. 1959இல் முடிவு வெளிவந்தது. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள். கூட இருந்தவர்களுக்கு அதனால் கூடுதலாக நோய் தொற்றவும் இல்லை. பிறகு உலகம் முழுக்க வீட்டு வைத்தியம் பரவ இது ஒரு காரணம்.

எப்படி நடந்தது? சுகாதாரப் பணியாளர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போனார்கள். மீதி மாத்திரையை எண்ணினார்கள். மருந்து உள்ளே போனதா என்று சிறுநீரைச் சோதித்தார்கள். கண்காணிப்புதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்த வீட்டு வாசப்படியைத் தாண்டி உள்ளே போனார்கள். 1929இல் அந்த டாக்டர் தாண்டாத படி அது.

இப்போது நம்ம பிள்ளைகள் நிறையப் பேர் நர்ஸ் படிக்கிறார்கள். தங்கச்சிகளே, ட்ரேயைத் தூக்கிட்டுப் போறப்ப கட்டில் நம்பரைப் பார்த்துக் கொடுத்துட்டு வராதீங்க. பேரைக் கேளுங்க, மரியாதையாக் கேளுங்க. கட்டிலில் படுத்திருக்கிற நம்ம சனங்களுக்கும் சொல்கிறேன்: இது என்ன மாத்திரை, எதுக்கு, எத்தனை வேளை என்று கேளுங்க. பதில் சொல்கிற வரைக்கும் முழுங்காதீங்க.